வீட்டு ஜெபக்கூட்டத்தில் பகிர்ந்து வாழ ஆரம்பிக்க நினைக்கிறோம், யோசனை சொல்லுங்கள்

குன்னூர்வாசி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

குன்னூருக்குக் கீழே எங்கள் பகுதியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு குடும்பம். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள், அரை ஏக்கர் ஒரு ஏக்கர் தேயிலை வைத்துக்கொண்டு ஃபேக்டரிக்கு இலை போடுகிறவர்கள், ஒரு டாக்ஸி டிரைவர், ஒரு டீச்சர், அருவங்காடு ஃபேக்டரியில் ரிட்டயர்டு ஆன தாத்தா ஒருவர், இப்படிக் கலவையான கூட்டம். போன மாதத்தில் இருந்து அப்போஸ்தலர் நடபடிகளை வரிசையாகப் படித்து வருகிறோம். 2-ஆம் அதிகாரமும் 4-ஆம் அதிகாரமும் வந்தபோது காலேஜ் படிக்கிற ஒரு பையன் கேட்டான்: சகலமும் அவர்களுக்குப் பொதுவாயிருந்தது என்று வாசிக்கிறோமே, நம்மிடம் பொதுவாக என்ன இருக்கிறது? பாட்டுப் புத்தகமும் ஜமுக்காளமும் தவிர யாருக்கும் எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கூட்டம் வீடு வீடாக முறை வைத்து நடக்கும். ஆரம்பத்தில் டீயும் வர்க்கியும்தான். அப்புறம் ஒரு வீட்டில் கேசரி வந்தது, அடுத்த வீட்டில் போண்டாவும் சட்னியும், ஒரு வீட்டில் சிக்கன் குருமாவோடு பரோட்டாவே போட்டார்கள். அன்போடு செய்ததுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா, புருஷன் இல்லாதவர், தன்னுடைய முறை நெருங்கும்போதெல்லாம் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறார். இப்போது கூட்டத்துக்கே வருவதில்லை. காரணம் இதுதான் என்று பக்கத்து லயத்து (எஸ்டேட் வரிசை வீட்டு) அம்மா சொன்ன பிறகுதான் தெரிய வந்தது.

இதை எல்லாம் வைத்துப் பேசி, இனி நிஜமாகவே ஏதாவது பகிர்ந்து வாழ வேண்டும் என்று முடிவு பண்ணியிருக்கிறோம். நிலத்தையோ வீட்டையோ விற்கிற அளவுக்கு இல்லை, விற்கவும் அதிகம் இல்லை. பொதுப் பணம் ஒன்று சேர்ப்பதா, பொருளாகக் கொடுப்பதா? நம் கூட்டத்துக்குள் மட்டுமா, தெருவில் இருக்கிற மற்றவர்களுக்குமா? வாங்குகிறவர் கூசிப்போகாமல் எப்படிச் செய்வது? இதில்தான் எனக்கு ரொம்பக் கவலை. எங்காவது நடந்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மலைப்பூண்டு எழுதியது:

கொடைக்கானலில் இருந்து எழுதுகிறேன் தம்பி. நாங்கள் கத்தோலிக்கர், ஆனால் என் மாமியார் திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவர், அதனால் இரண்டு பக்கத்துப் பழக்கமும் எங்கள் வீட்டில் உண்டு.

முதலில் அந்த பலகாரத்தை நிறுத்துங்கள். இந்த வாரமே. எல்லா வீட்டிலும் கடுங்காப்பி மட்டும், அதற்கு மேல் யாரும் வைக்கக் கூடாது என்று பெரியவர் ஒருவர் வாயால் சொல்ல வேண்டும். அந்த அக்கா பெயரை எடுக்கவே கூடாது. வசதி இருக்கிற வீட்டம்மாதான் முதலில் வெறும் காப்பியை வைக்க வேண்டும், அப்போதுதான் மற்றவர்களுக்குத் துணிச்சல் வரும். கொரிந்து சபையில் இதே தொல்லைதான் பவுலுக்கு. ஆண்டவருடைய விருந்து என்று கூடிவிட்டு, இருக்கிறவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று எவ்வளவு கோபமாகக் கேட்கிறார் பாருங்கள்.

அடுத்து பிடி அரிசி. மாமியார் இருந்தவரை எங்கள் அடுப்படியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இதற்கென்றே இருந்தது. உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதில் இருந்தே ஒரு பிடி எடுத்து பாட்டிலில் போடுவார். மூட்டையில் இருந்து தனியாக எடுக்க மாட்டார். இன்றைக்கு நாம் சாப்பிடுகிற சோற்றில் ஒரு பிடி குறைய வேண்டும், அதுதான் கணக்கு. மிசோரம் சபைகளில் 1910-ல் தொடங்கிய இதே பழக்கம் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. கூலி வேலை செய்கிறவர் வீட்டிலும் ஒரு பிடி முடியும் என்பதால் இதில் பெரிய கை சின்னக் கை என்று இல்லை.

ஆனால் ஒன்று, யாரும் சொல்லித்தராத விஷயம். எல்லார் அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டாதீர்கள். ரேஷன் அரிசி, பொன்னி, பச்சரிசி, இட்லி அரிசி எல்லாம் கலந்துவிட்டால் அதைப் பொங்க முடியாது, பாதி குழைந்து போகும் பாதி நறுக்கென்று நிற்கும். அப்படிப்பட்ட அரிசியை ஒரு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால், மிச்சத்தைக் கூட்டிக் கொடுக்கிறார்கள் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். புழுங்கலுக்கு ஒரு பை, பச்சரிசிக்கு ஒரு பை, ரேஷன் அரிசிக்கு ஒரு பை வையுங்கள். கலந்து போனதை மாவாக அரைத்து விடலாம். ஸ்வெட்டர், கம்பளிக்கும் இதே பேச்சுதான். துவைத்து, பட்டன் தைத்து, ஜிப் ஓடுகிறதா என்று பார்த்துக் கொடுங்கள். டிசம்பர் ஜனவரிப் பனி நம் மலைக்காரர்களுக்குத் தெரியும். குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் சொல்லி அனுப்புகிறவரைப் பற்றி யாக்கோபு எழுதியதை இந்தப் பனியில் வாசித்தால் வேறு மாதிரி உறைக்கும்.

எங்கள் பங்குக் கோயிலில் ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பால் சபைக்காரர்கள் ஒரு வீட்டுக்குப் போனால் இரண்டு பேராகத்தான் போவார்கள். உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்கள். நோட்டை அந்த வீட்டுக்குள் திறக்க மாட்டார்கள். 1833-ல் பாரீசில் ஓசானாம் என்கிற இருபது வயதுக் கல்லூரி மாணவரும் அவருடைய நண்பர்களும் ஆரம்பித்ததே இப்படி வீடு தேடிப் போவதில்தான். கொடுப்பதற்கு முன்னால் போய் உட்காருங்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

கேத்தி விவசாயி எழுதியது:

அக்கா சொன்னதில் அரிசி விஷயம் நூற்றுக்கு நூறு. நான் காய்கறி போடுகிறவன், என் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

பணத்தில் ஆரம்பிக்காதீர்கள் அண்ணா. எங்களை மாதிரி ஆட்களிடம் பணம் என்றைக்கு இருக்கும் என்று எங்களுக்கே தெரியாது. கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய், அன்றைக்கு என்ன விலையோ அதில் கமிஷன், லாரி வாடகை, மூட்டைக் கூலி, பிடுங்குகிற ஆள் கூலி எல்லாம் போய் மிச்சம் வந்தால் வந்தது. மாதம் இவ்வளவு என்று பெயர் எழுதிவிட்டால் விலை விழுந்த மாதத்தில் கூட்டத்துக்கு வரவே கால் வராது. ஆனால் கேரட் இருக்கும். உடைந்தது, இரண்டாகப் பிளந்து வளர்ந்தது, சின்னது, இதையெல்லாம் மண்டியில் தள்ளிவிடுவார்கள், சாப்பிட ஒரு குறையும் கிடையாது. அதற்காகக் கழிவை மட்டும் கொடுக்கச் சொல்லவில்லை. லேவியராகமம் 19-ல் வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று இருக்கிறதே, அதில் ஓரத்துப் பயிர் நல்ல பயிர்தான். அதனால் நான் கடைசி இரண்டு பாத்தியைப் பிடுங்காமல் விடுகிறேன். பிடுங்க வந்த ஆட்களும் பக்கத்து வீடுகளும் வந்து எடுத்துக்கொள்வார்கள். நான் அங்கே நிற்பதில்லை. நின்றால் எடுக்க மாட்டார்கள், இல்லை என்றால் ரொம்பக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு நன்றி சொல்வார்கள். வேதத்தில் ஏழை விதவை ரூத் கதிர் பொறுக்கினது கூட யாரும் கையில் கொடுத்து அல்ல, அவளே குனிந்து எடுத்தாள். வயல்காரர் போவாஸ் செய்தது, அரிகளில் சிலதை உருவி வேண்டுமென்றே அவளுக்காக விட்டுவிடுங்கள் என்று வேலைக்காரரிடம் சொன்னது.

பொருளை விட முக்கியம் வண்டி. இதை யாரும் சொல்லாததால் சொல்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு குழந்தைக்கு மூச்சு முட்டினால், மலையில் இருக்கிறவனுக்கு அரிசியா வேண்டும்? உங்கள் கூட்டத்தில் டாக்ஸி டிரைவர் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள், அது அவருடைய பிழைப்பு. டீசல் காசை மற்றவர்கள் போட்டு, அவர் தூக்கத்தைக் கொடுத்தால் அது பங்கீடு. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றால் கூட ஒரு ஆள் போக வேண்டும், வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு யாராவது சோறு போட வேண்டும், மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டும். எனக்கு அப்படி ஒரு சமயம் வந்தபோது பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து கேட்காமலே மருந்தடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் சபைக்காரர்கள் இல்லை.

அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், கூட்டத்துக்குள் மட்டும் என்று கோடு போடாதீர்கள். 2009 நவம்பரில் மண் சரிந்து மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் போனார்களே, அன்றைக்கு யாரும் என்ன சாமி கும்பிடுகிறாய் என்று கேட்டுக்கொண்டு மண்ணைத் தோண்டவில்லை.

பழைய பொருளாளர் எழுதியது:

கோத்தகிரிப் பக்கம் ஒரு சேகரத்தில் (ஒரு ஐயருக்குக் கீழே இருக்கிற சபைகள் சேர்ந்தது) பல வருஷம் பணப்பெட்டியைப் பார்த்தவன் நான். தம்பி கேத்தி சொல்வது மனசுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பணமே வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். காலேஜ் ஃபீஸை கேரட்டாகக் கட்ட முடியாது. இன்னொன்றும் சொல்கிறேன், லயத்துப் பெண்களில் பாதிப்பேர் கழுத்தில் வாரக் குழுக்கடன் இருக்கிறது. தவணை நாள் வந்தால் அடுத்த வீட்டில் வாங்கி இந்த வீட்டில் கட்டுவார்கள். அந்த ஒரு வாரத்துக் கை உதவி இருந்தால் ஒரு குடும்பம் தப்பும். அதற்குப் பணம்தான் வேண்டும்.

ஆனால் பணம் என்றால் கணக்கு வேண்டும். எருசலேம் சபையில் முதல் முணுமுணுப்பே பந்தியில்தான் வந்தது, 6-ஆம் அதிகாரம். கிரேக்கு பேசுகிற விதவைகளை அன்றாடப் பங்கில் கவனிக்கவில்லை என்று புகார். அப்போஸ்தலர்கள் அதை மூடி மறைக்கவில்லை, விசுவாசக் குறைவு என்று அதட்டவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள், அந்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்தான். புகார் சொன்ன பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பு போயிற்று என்றுதான் நான் வாசிக்கிறேன். உங்கள் கூட்டத்திலும் பணத்தைப் பார்க்கிற மூன்று பேரில் ஒருவர் கட்டாயம் தினக்கூலிக்குப் போகிற பெண்ணாக இருக்கட்டும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது ரிட்டயர்டு ஆன எனக்கா தெரியும்?

பவுலும் அப்படித்தான். எருசலேமில் இருக்கிற ஏழைகளுக்காக மக்கெதோனியா, அகாயா சபைகளில் சேர்த்த பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவோடு இன்னும் சகோதரர்களை அனுப்புகிறார், இந்தப் பணத்தைப் பற்றி எங்களை ஒருவனும் குற்றம் சொல்லாதபடி என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். அவரே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்.

கட்டாயம் மட்டும் வேண்டவே வேண்டாம். நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்துச் செத்துப்போன அனனியா சப்பீராள் கதையைச் சொல்லி மிரட்டி வசூல் பண்ணுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேதுரு அங்கே சொன்னதைச் சரியாக வாசியுங்கள்: விற்கும் முன்னே அது உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது? கொடுக்காமல் வைத்துக்கொண்டது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை, முழுசும் கொடுத்த மாதிரி காட்டிக்கொண்டதுதான் குற்றம். பேர் வாசிப்பதும் சுவரில் பட்டியல் ஒட்டுவதும் அந்தப் பாவத்துக்குத்தான் மனுஷரைத் தள்ளும். கி.பி. 197 வாக்கில் வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் ஊரில் தெர்த்துல்லியான் என்கிற கிறிஸ்தவ எழுத்தாளர் தங்கள் சபைப் பெட்டியைப் பற்றி எழுதியதில், மாதத்துக்கு ஒரு தரம், விருப்பம் இருந்தால், முடிந்தால், யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்கிறார். அந்தப் பணம் விருந்துக்கும் குடிக்கும் போகாது, ஏழைகளுக்குச் சோறு, அவர்களை அடக்கம் பண்ணுகிற செலவு, பெற்றோர் இல்லாத பிள்ளைகள், வீட்டோடு முடங்கிய வயசாளிகள், சிறையில் கிடக்கிறவர்கள், இதற்குத்தான் என்று வரிசையாகச் சொல்கிறார். அடக்கச் செலவைக் கவனியுங்கள். சந்தா பாக்கி என்று சொல்லிக் கல்லறைத் தோட்டத்தில் இடம் தர இழுத்தடித்த ஒரு சபையை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதற்கப்புறம் எந்தச் சபைப் படியும் ஏறவில்லை.

வெளியாருக்குக் கொடுப்பது பற்றி: ஜூலியன் என்று ஒரு ரோம ராயன், 361-ல் இருந்து 363 வரை ஆண்டவன், கிறிஸ்தவத்தை விட்டுவிட்டுப் பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தவன். அவனே தன் பூசாரிக்குக் கடிதம் எழுதுகிறான், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் சொல்வான்) தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் போஷிக்கிறார்களே, நமக்கு வெட்கமாக இல்லையா என்று. பிடிக்காதவன் வாயில் இருந்து வந்த சாட்சி அது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், வெளியே கொடுக்கும்போது கூட்டத்துக்கு வா என்று அந்தப் பையோடு சேர்த்துச் சொல்லாதீர்கள். வர நினைக்கிறவர்கள் தாங்களாக வரட்டும்.

கூடலூர் பேத்தி எழுதியது:

நான் வாங்கின பக்கத்தில் இருந்து பேசலாமா? இந்தத் திரியில் எல்லாரும் கொடுக்கிறவர்களாகவே பேசுகிறீர்கள், அன்பாகத்தான் பேசுகிறீர்கள், ஆனாலும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் பாட்டி இலங்கை மலையகத்தில் பிறந்தவர். தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்பின 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் கேம்பில் இருந்து, கடைசியில் கூடலூர்ப் பக்கம் டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) லயத்துக்கு வந்து சேர்ந்தவர். கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு வேதாகமமும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு வேனில் ஆட்கள் வருவார்கள், யார் என்று சொல்லவில்லை. வரிசையில் நிற்க வைத்து சேலையும் கேக்கும் கொடுப்பார்கள். கொடுக்கும்போது சேலையை விடாமல் பிடித்துக்கொண்டே கேமராவைப் பார்ப்பார்கள், நாங்களும் பார்க்க வேண்டும், ஃபோட்டோ சரியாக வரவில்லை என்றால் திரும்பவும் கொடுக்க வேண்டும். அம்மா அந்தச் சேலையைக் கட்டினதே இல்லை, தொட்டில் கட்டவும் திரைக்கும் போயிற்று.

அதே லயத்தில் இன்னொரு அம்மா இருந்தார். எங்களைப் போலவே கூலி. மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து, கருவாட்டுக் குழம்பு நிறைய வைத்துவிட்டேன், சோறு வடித்து வை, சேர்ந்து சாப்பிடலாம் என்பார். எங்களிடம் சோறு மட்டும் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் வீட்டில் அரிசி முடிந்திருக்கும் என்று எங்களுக்கும் தெரியும். யாரும் யாருக்கும் உதவி செய்யவில்லை, சாப்பிட்டோம்.

எனக்கு வேதத்தில் ரொம்பப் பிடித்த இடம் சாறிபாத் விதவை. எலியா பசியோடு இருந்தபோது கர்த்தர் அவரை ஒரு பணக்காரன் வீட்டுக்கு அனுப்பவில்லை. பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டும் இருந்த ஒரு விதவையிடம், அதுவும் வேற்று தேசத்துப் பெண்ணிடம், போய் அப்பம் கேட்கச் சொன்னார். அவளுக்குக் கொடுக்கவா அனுப்பினார்? கேட்க அனுப்பினார். குன்னூர் அண்ணா, அந்த அக்காவிடம் எதையாவது கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் எதையாவது கேளுங்கள். வருஷக் கணக்கில் கொழுந்து பறித்தவருக்குத் தெரிந்தது எவ்வளவோ இருக்கும். அட்டைக்கடிக்கு என்ன பண்ணுவது, எந்தக் கீரையைப் பறிக்கலாம், தலைச்சன் பிள்ளைக்காரியை எப்படிப் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் உங்கள் டீச்சருக்குத் தெரியாது. பொருளாளர் ஐயா சொன்ன மூன்று பேரில் ஒருவராக அவரையே போட முடியுமா என்று பாருங்கள். எப்போதும் வாங்கிக்கொண்டே இருக்கிறவருக்கு அந்தக் கூட்டத்தில் உட்காரவே முடியாது, எனக்குத் தெரியும்.

ஃபோட்டோ எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் நன்றி போடச் சொல்லாதீர்கள். இது இரண்டையும் இப்போதே முடிவு பண்ணிவிடுங்கள்.

குன்னூர்வாசி எழுதியது:

பேத்தி எழுதியதைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்தேன். ரிட்டயர்டு தாத்தா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் அந்த அக்கா வீட்டுக்கு நானும் என் சம்சாரமும் போகிறோம் என்றார். போய், கையில் ஒன்றும் கொண்டுபோகாமல், எங்கள் மருமகளுக்கு எட்டு மாதம், பிரசவத்துக்கு அப்புறம் பத்து நாள் சாயங்காலம் வந்து குழந்தையைக் குளிப்பாட்டித் தர முடியுமா, நீங்கள்தான் லயத்தில் எல்லாப் பிள்ளைகளையும் குளிப்பாட்டினீர்களாமே என்று கேட்டிருக்கிறார்கள். சரி என்றிருக்கிறார். கூட்டத்துக்கு வருவது பற்றி அவர்களும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

கடுங்காப்பி முடிவாகிவிட்டது. வண்டிக்கு டிரைவர் அண்ணன் சம்மதித்துவிட்டார், டீசலுக்கு ஒரு டப்பா தனியாக வைத்திருக்கிறோம். பிடி அரிசிக்கு மூன்று பை தைத்தாயிற்று. பணத்தில்தான் இரண்டு கேள்வி நிற்கிறது. தவணைக்கு என்று கொடுப்பதைத் திரும்ப வாங்குவதா, தர்மமாக விட்டுவிடுவதா? அப்புறம், சேகரத்தில் சொல்லாமல் கூட்டத்துக்குள் இப்படிப் பணம் வைத்துக்கொள்ளலாமா?

மலைப்பூண்டு எழுதியது:

கைமாத்தாகவே கொடுங்கள் தம்பி, வட்டி இல்லாமல். திருப்பித் தருகிறேன் என்று சொல்ல முடிகிறவருக்கு அந்த வார்த்தையைச் சொல்ல விடுங்கள், அதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. தர முடியாமல் போனால் யாரும் போய்க் கேட்கக் கூடாது. இன்னொரு தடவை தேவை வந்தால், பழைய பாக்கியைப் பேசாமல் திரும்பவும் கொடுங்கள். எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழு) இப்படித்தான் போகிறது. பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து தந்துவிடுகிறார்கள்.

பழைய பொருளாளர் எழுதியது:

அக்கா சொன்னபடியே செய்யுங்கள். நோட்டில் தேதியும் தொகையும் மட்டும் எழுதினால் போதும், யாருக்கு என்பது அந்த மூன்று பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மாதம் ஒரு தடவை வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று கூட்டத்தில் வாசித்துவிடுங்கள்.

சபை ஐயரிடம் (போதகரிடம்) கட்டாயம் முன்னாடியே சொல்லிவிடுங்கள், அனுமதி கேட்கிற மாதிரி இல்லாமல், இப்படி ஆரம்பித்திருக்கிறோம், ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று. சபைக் காணிக்கையை யாரும் இதற்குத் திருப்பிவிடக் கூடாது, அது தனி, இது தனி, அதையும் அவரிடமே சொல்லுங்கள். கையில் பெரிய தொகை சேர விடாதீர்கள். சேர்ந்தால் இரண்டு பேர் கையெழுத்தில் வங்கியில் போடுங்கள், ஆனால் சேர்கிறது என்றாலே தேவை இருக்கிற யாரையோ இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம், முதலில் அந்த வீட்டைத் தேடுங்கள்.